கொட்டகையில் நின்ற ஹில்மன்

அத்தியாயம் பதினொன்று

காரை விற்கப்போகிறேன் என்று மஸூதா வாய்திறந்து சொன்ன நாளிலிருந்து மாமி உம்மு குல்தூம் அவளோடு பேசவில்லை.

சண்டை பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் மற்றவர் சுவரோடுதான் பேச வேண்டும். காலையில் மாமி தேத்தண்ணி ஊற்றுவார். ஒரு கோப்பையை மேசையின் ஓரத்தில் டக்கென்று வைப்பார். அந்தச் சத்தம்தான் ‘இந்தா, குடி’ என்பதற்குப் பதிலாக. மஸூதா குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பாள். அவள் பேசியது அவ்வளவுதான்.

அன்று வியாழக்கிழமை. காரைப் பார்க்க ஆள் வரும் நாள்.

“மாமி, பதுர்தீன் மச்சான் அந்த ஆக்களக் கூட்டிக்கொண்டு வாறாராம். இப்ப வந்துருவாங்க.”

மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு நிற்கவில்லை.

“கொட்டகச் சாவி வேணும் மாமி.”

சுளகு நின்றது. இடுப்பில் செருகியிருந்த சாவியை மாமி எடுத்தார். மருமகளின் கையில் கொடுக்காமல் குசினிப் படியில் வைத்தார். எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மஸூதா குனிந்து சாவியை எடுத்தாள். மாமியின் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது.

கொட்டகை வீட்டுக்கு முன்னால், பெருந்தெருவைப் பார்த்தபடி இருந்தது. தம்புள்ளைப் பக்கம் போகிற லொறிகளும் பஸ்களும் அதன் தகரச் சுவரை அதிரவைத்துக்கொண்டு போகும். ஒரு காலத்தில் அது அவளுடைய கணவன் ஸக்கரியாவின் கராஜ். அலுவிகாரைச் சந்தியில் யாருடைய வண்டி நின்றாலும் தள்ளிக்கொண்டு அங்கேதான் வருவார்கள். இப்போது அங்கே ஒரேயொரு வண்டிதான் நின்றது.

அந்த ஹில்மன் கார் வந்த கதையைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் இல்லை. இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன கார். மேல் மூடியைப் பின்னால் மடித்துவிட்டால் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். இரத்தோட்டையில் ஏலமும் மிளகும் வாங்கி விற்ற மஸூதாவின் வாப்பா புஹாரி, மகளின் கலியாணத்துக்கு அதை வாங்கி அவள் பேரிலேயே எழுதிக் கொடுத்தார். கார் அப்போதே நோயாளிதான். கால் வைக்கும் தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. மூடிச் சீலை மடிப்புக்கு மடிப்பு வெடித்திருந்தது. ஆனால் மருமகன் எந்த எஞ்சினையும் பேசவைக்கிற கைக்காரன் அல்லவா என்று அந்த மனிதர் நம்பினார். இன்று அவரும் இல்லை.

“மூடியத் தச்சு, பெயின்ட் அடிச்சு, ஒன்ன முன்னுக்கு வெச்சுக்கொண்டு நாலந்தாவத் தாண்டித் தம்புள்ள வரைக்கும் ஒரே ஓட்டம்” என்பான் ஸக்கரியா, ஒவ்வொரு ஞாயிறும். பிறகு திருகோணமலைத் துறைமுகத்தில் நல்ல வேலை என்று போனான். முதல் இரண்டு பெருநாளுக்கு வந்தான். அதற்கப்புறம் பெருநாள்தான் வந்தது. அவனுடைய கூடப்பிறந்த நானா, மூத்தவர் பதுர்தீன் தேடிக்கொண்டு போனபோது, அவன் வேலை செய்த இடத்தில் ‘அவர் விலகிப் போயிட்டாரே’ என்று சொல்லி அனுப்பினார்கள். நாலு வருடம் ஓடிவிட்டது. தலாக் இல்லை, தபால் இல்லை, செத்தான் என்று சொல்ல ஒரு மையித்தும் இல்லை.

கார் நிற்கிற வரைக்கும் மகன் என்றாவது திரும்பி வருவான் என்பது மாமியின் எண்ணம். கார் நிற்கிற வரைக்கும் தன்னால் காத்திருப்பதை விட முடியாது என்று மஸூதாவுக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது. கொட்டகையைக் காலி பண்ணித் தெருப் பக்கம் ஒரு கதவு வைத்தால் நல்ல தையல் கடையாகும். பள்ளிக்கூட உடுப்புத் தைக்க ஆட்கள் இப்போதே வீடு தேடி வருகிறார்கள். போன வாரம் அதைத்தான் அவள் சொன்னாள். அன்று மூடியதுதான் மாமியின் வாய்.

மஸூதா பூட்டைத் திறந்து உள்ளே போனாள். காரைப் போர்த்தியிருந்த சீலையை விலக்கி, கயிற்றால் கட்டியிருந்த இடப்பக்கக் கதவை அவிழ்த்து, உள்ளே உட்கார்ந்தாள்.

இது அவளுடைய வழக்கம். அஸர் தொழுகைக்குப் பிறகு மாமியிடம் சாவியை வாங்கிக்கொண்டு, அவர் கண்ணயரும் நேரத்தில் வந்து உட்காருவாள். கையில் ஏதாவது தைக்கிற துணி இருக்கும். எப்போதும் இடப்பக்க ஆசனம்தான். ஓட்டுகிற வளையம் இருக்கிற பக்கம் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பச்சைப் பெயின்ட் பாசி நிறத்துக்கு வந்துவிட்டது. பின் ஆசனத்தை எலி பிய்த்துப் பஞ்சை வெளியே இழுத்துப் போட்டிருந்தது. ஆனாலும் அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். யாருடைய மருமகளாகவும் யாருடைய மனைவியாகவும் இல்லாமல் அங்கே சும்மா இருக்கலாம். சில நாள் வாய்விட்டுப் பேசியும் இருக்கிறாள். என்ன பேசினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெளியே வான் வண்டி ஒன்று வந்து நின்றது. அவள் அவசரமாக இறங்கி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

முதலில் இறங்கியவர் பதுர்தீன். நகரத்தில் மிளகுக் கடை வைத்திருக்கிறார். கடையைப் பொடியன்களிடம் விட்டு வந்த பரபரப்பு முகத்தில் இருந்தது. அவருக்குப் பின்னால் வெள்ளை வேட்டியும் கோட்டுமாக ஒரு பெரியவர்.

“மஸூதா, இவங்கதான் மாணிக்கவாசகம் ஐயா. கலியாண வீடுகளுக்குப் பந்தல், கதிர, சோடனையெல்லாம் வாடகைக்குக் குடுக்கிறவங்க.”

“வணக்கம்மா” என்றார் அவர். “பொண்ணு மாப்பிள்ளைய ஊர்வலம் கொண்டுபோக ஒரு மூடியில்லாத கார் தேடித் தேடி அலுத்துப் போனேன். புதுக் கார் நாட்டுக்குள்ளயே வாறதில்ல. இருக்கிறதத்தான் சரிக்கட்டி ஓட்டணும். பார்க்கலாமா?”

வானின் பின்பக்கத்திலிருந்து பெட்டரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவருடைய ஆள் லெட்சுமணன் வந்தார். தோட்டத்து லொறி ஓட்டியவர். இப்போது ஐயாவின் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறார்.

மாணிக்கவாசகம் காரைச் சுற்றி வந்தார். துருவைச் சுரண்டிப் பார்த்தார். மூடிச் சீலையைத் தூக்கிப் பார்த்து, “இது குப்பைக்குத்தான். கம்பிச் சட்டம் நல்லாருக்கு, புதுச் சீலை போட்டுக்கலாம்” என்றார். பின் ஆசனத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பதுர்தீன் பக்கத்திலேயே நடந்து, “துரை பாவிச்ச வண்டி ஐயா, துரை பாவிச்ச வண்டி” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஓட்டிக்கிட்டுப் போக முடியாது. கட்டித்தான் இழுக்கணும். கயிறு கொண்டாந்திருக்கோம்” என்றார் மாணிக்கவாசகம்.

லெட்சுமணன் முன்மூடியைத் தூக்கினார். குனிந்து உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மஸூதாவைத் திரும்பிப் பார்த்தார்.

“யாரும்மா இதுல வேலை செஞ்சது?”

“ஒருத்தரும் இல்ல. நாலு வருஷமா இது அப்பிடியே நிக்கிது.”

“இல்லீங்களே. பெல்ட்டு புதுசு. தண்ணி போற ரப்பர் குழாயெல்லாம் புதுசு. பிளக்கெல்லாம் துடைச்சுப் போட்டிருக்கு. யாரோ நல்லாத் தெரிஞ்ச ஆள்தான் செஞ்சிருக்காங்க.”

மஸூதா பதுர்தீனைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். “எனக்கு ஒண்டும் தெரியா. நான் இந்தப் பக்கம் வந்தே எவ்வளவு காலம்.”

“யார் செஞ்சா என்ன? நமக்கு நல்லதுதானே. பெட்டரியப் போட்டுப் பாரு” என்றார் மாணிக்கவாசகம்.

டயர்களுக்குக் காற்றடித்தார்கள். பெட்டரியைப் பொருத்தினார்கள். லெட்சுமணன் வளையத்துக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தபோது மஸூதா வேறெங்கோ பார்த்தாள். முதல் தடவை இருமிவிட்டு நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. அதற்கடுத்த தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரமெல்லாம் கடகடவென்று ஆட, கூரையிலிருந்த குருவிகள் வெளியே பறந்தன. புகையும் புழுதியுமாக, செத்ததென்று எல்லோரும் நினைத்த கார் உயிரோடு நின்று நடுங்கியது.

பதுர்தீன் சிரித்துவிட்டார். மஸூதாவுக்கும் உதடு கொஞ்சம் விரிந்தது.

அப்போதுதான் வீட்டுக் கதவு படீரென்று திறந்தது.

உம்மு குல்தூம் முற்றத்தில் ஓடிவந்தார். தலையில் முக்காடு இல்லை. காலில் செருப்பில்லை. அந்நியர் முன்னால் ஒருநாளும் முகம் காட்டாத மனுஷி, நரைமுடி அவிழ்ந்து தோளில் விழ, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“ஸக்கரியா! மகன்! நில்லுடா! இந்த முறையும் சாப்பிடாமப் போகாத! ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போடா!”

லெட்சுமணன் திகைத்துப்போய்ச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது.

புகைக்குள்ளிருந்து இறங்கிய முகம் மகனுடையதல்ல என்று தெரிந்ததும் மாமி நின்ற இடத்திலேயே நின்றார். கை நீட்டியபடியே இருந்தது. பெருந்தெருவில் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

இந்த முறையும்.

மஸூதாவின் காதில் அந்த ஒரு சொல்தான் நின்றது. போன மாதம் தங்கை நூருன்னிஸாவின் பிரசவத்துக்கு உக்குவளைக்குப் போய் அங்கேயே தங்கியிருந்துவிட்டு வந்தாள். திரும்பி வந்து கொட்டகையில் உட்கார்ந்தபோது பெட்ரோல் வாசம் அடித்தது. வெயிலுக்குப் பழைய வாசம் கிளம்புகிறது என்று நினைத்துக்கொண்டாள். கொட்டகைச் சாவி மாமியின் இடுப்பில்தான் இருந்தது, எப்போதும்.

அவள் போய் மாமியின் தோளைப் பிடித்தாள். தன் முந்தானையின் தலைப்பை விரித்து அவருடைய தலையை மூடினாள். குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் அடுப்பின் முன்னாலிருந்த பலகையில் உட்காரவைத்தாள்.

“எப்ப வந்தாரு மாமி?”

மாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாள்கணக்காகப் பேசாமலிருந்த தொண்டை கரகரத்தது.

“நீ தங்கச்சி ஊட்டுக்குப் போன கிழம.”

“ஊட்டுக்குள்ள வந்தாரா?”

“இல்ல. கொட்டகைக்குள்ளயே இருந்தான். நான் சோறு கொண்டு போனேன். கையெல்லாம் எண்ணெய், பொறகு திங்கிறேண்டான். பொறகு பாத்தா ஆளில்ல. திரும்ப ஒரு நாளும் வந்தான். அண்டைக்கும் அப்பிடித்தான்.”

மஸூதா மாமிக்கு முன்னால் குந்தினாள்.

“என்னப் பத்திக் கேட்டாரா?”

மாமி பக்கத்தில் கிடந்த சுளகை இழுத்து மடியில் வைத்தார்.

“சொல்லுங்க மாமி.”

“கேட்டான்.”

“என்னண்டு?”

“நீ எப்ப வருவேண்டு கேட்டான்.”

ஒரு கணம், ஒரேயொரு கணம், மஸூதாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. மாமி தலை நிமிரவில்லை. அந்த நிமிராத தலையைப் பார்த்துத்தான் அவளுக்கு விளங்கியது. அவள் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்பதற்காகக் கேட்டிருக்கிறான்.

“வண்டிய எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தான். பெட்டரி இல்ல, அடுத்த முறை கொண்டாந்து எடுத்துக்கிறேண்டு சொன்னான். நாளைக்கு வாறேண்டிருக்கான். ஜும்மா நேரத்துல. அந்த நேரம் நீ மத்ரஸாவுல புள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் குடுக்கப் போவியேண்டு நான்தான்…” மாமி நிறுத்தினார். “நான்தான் சொன்னேன்.”

“ஏன் மாமி எனக்கு ஒளிச்சீங்க?”

“சொன்னா நீ இருப்பியா? உங்க உம்மாட ஊட்டுக்குப் போயிருவாய். அவன்தான் இல்ல. நீயும் போனா இந்த ஊட்டுல எனக்கு ஆரு இருக்கா? செவருக்கா சோறு போடுற?”

மஸூதாவுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் நெஞ்சுக்குள்ளேயே சுற்றியது. இத்தனை காலமும் ஒரே கூரைக்குக் கீழே ஒரே ஆளுக்காகக் காத்திருந்தோம் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள். போன மாதத்திலிருந்து அவள் மட்டும்தான் காத்திருந்திருக்கிறாள். மாமிக்கு அன்றிலிருந்து வேறு பயம்.

குசினி வாசலில் பதுர்தீன் வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிய விதத்திலேயே தெரிந்தது.

“மஸூதா, இண்டைக்கு விப்பன வேணாம். அவன் நாளைக்கு வரட்டும். நான் கடையப் பூட்டிட்டு வந்து நிக்கிறேன். அண்ணன் தம்பி பேசி ஒரு முடிவுக்கு வருவோம். அந்த ஐயாவும் யோசிக்கிறாரு. குடும்பப் பிரச்சின இருக்கிற வண்டி நமக்கெதுக்குண்டு கயிற வானுக்குள்ள போட்டுட்டாரு.”

“அவர் நாலு வருஷமா எங்க இருந்தாருண்டு நீங்க பேசப்போறீங்களா, இல்ல வண்டிய ஆரு எடுக்கிறதுண்டு பேசப்போறீங்களா?”

பதுர்தீன் தொப்பியை மறுபடியும் தலையில் வைத்தார்.

மஸூதா அவரைக் கடந்து முற்றத்துக்கு வந்தாள். மாணிக்கவாசகம் வானின் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். ஓர் ஆம்பிளையைத் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் அந்நியரோடு அவள் பேசியது அதுதான் முதல் முறை.

“ஐயா, அந்த வண்டி எங்க வாப்பா எனக்கு வாங்கித் தந்தது. என்ட பேருல இருக்கு. வேற ஒருத்தருக்கும் அதுல பங்கில்ல. நீங்க எடுக்கிறதெண்டா இண்டைக்கே எடுங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் பார்த்தார்.

“பின்னால வந்து யாரும் என் வாசல்ல நிக்க மாட்டாங்களேம்மா?”

“வந்தா என்னட்ட அனுப்புங்க.”

பெரியவர் கார்ப் பக்கம் திரும்பினார். “லெட்சுமணா, பிரேக் பிடிக்குதா?”

“பிடிக்குதுங்க. மெதுவாப் போனாப் போயிரலாம்.”

“அப்ப கயிறு வேணாம். நொத்தாரிசு கந்தோருக்கு அதுலயே போவோம். நீங்களும் வந்து ஏறுங்கம்மா, கையெழுத்துப் போடணுமில்ல.”

அவள் பின்னால் ஏறினாள். எலி பிய்த்த பஞ்சின் மேல் மாணிக்கவாசகம் தன் வானிலிருந்த பந்தல் சீலையொன்றை மடித்துப் போட்டுத் தந்தார். பதுர்தீன் முன்னால் ஏறிக்கொண்டார். மாணிக்கவாசகம் வானை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். வெடித்த மூடிச் சீலையை லெட்சுமணன் கழற்றிப் போட்டுவிட்டதால் மேலே வெறும் கம்பிச் சட்டம் மட்டும். கார் கொட்டகையிலிருந்து வெளியே வந்தபோது வெயில் தலையில் நேராக இறங்கியது.

தம்புள்ளை இடப்பக்கம். லெட்சுமணன் வலப்பக்கம், நகரத்துக்குத் திருப்பினார்.

காற்று முந்தானையைப் பிடுங்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விகாரைப் பாறைகள் போயின. கொக்கோத் தோட்டத்து நிழல் முகத்தில் விழுந்து விழுந்து விலகியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் திறந்த காரைக் கண்டு கூச்சலிட்டுக் கையாட்டினார்கள். அவளும் கையை உயர்த்தப் பார்த்தாள். முந்தானை போய்விடும் என்று விட்டுவிட்டாள்.

இந்த ஓட்டத்தைத்தான் அவள் கொட்டகைக்குள் உட்கார்ந்து எத்தனையோ மாலைகளில் மனதுக்குள் ஓடியிருந்தாள். அந்த ஓட்டத்தில் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தான். இப்போது முன்னால் இரண்டு முதுகுகள். பின்னால் அகலமான ஆசனத்தில் அவள் ஒருத்தி. வண்டி அழகாகத்தான் ஓடியது. அது இன்னும் வலித்தது. எவ்வளவு கவனமாகத் திருத்தியிருக்கிறான்! முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் வர முடியாதவனுக்கு இதற்கு மட்டும் கை வந்திருக்கிறது.

மாத்தளை நகரத்துப் பெரிய தெருவுக்குத் திருகோணமலை வீதி என்று பேர். அதில் மெல்ல ஊர்ந்தபோது கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “ஸக்கரியாட வண்டியல்லவா?” என்று யாரோ சிங்களத்தில் கேட்டதும், “ஆமா, ஓடுதே!” என்று இன்னொருவர் பதில் சொன்னதும் அவள் காதில் விழுந்தன. மஸூதாவின் வண்டி என்று யாரும் சொல்லவில்லை.

கந்தோரில், பத்திரம் எழுதும் நொத்தாரிசு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“புருஷன் எங்கே?”

“அவர் ஊர்ல இல்ல” என்றாள்.

நாலு வருடமாக யார் கேட்டாலும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். அன்றைக்குத்தான் அதைச் சொல்ல நாக்குக் கூசியது. ஊரில் இல்லாதவனல்ல. வந்து போயிருக்கிறான்.

கையெழுத்துப் போட்டாள். மாணிக்கவாசகம் கொடுத்த உறையைப் பதுர்தீனிடம் நீட்டாமல் தன் கைப்பைக்குள் வைத்தாள். பதுர்தீன் அதைக் கவனித்தார்.

“வீட்டுல கொண்டுபோய் விடச் சொல்றேம்மா” என்றார் மாணிக்கவாசகம்.

“வேணாம் ஐயா. நான் பஸ்ஸுல போயிருவேன்.”

பதுர்தீன் கடைக்குப் போனார். நாளைக்கு ஜும்மாவுக்குப் பிறகு கட்டாயம் வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஹில்மன் மணிக்கூட்டு வளைவில் திரும்பி மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

பஸ்ஸில் யன்னலோர இடம் கிடைத்தது. மிளகு மூட்டை ஒன்று காலை நெரித்தது. நாளைக்கு என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். ஏன் போனீங்க என்று கேட்பதா? ஏன் எழுதவில்லை என்று கேட்பதா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தள்ளினாள். கடைசியில் ஒரேயொரு கேள்வி மிஞ்சியது. ‘நான் என்ன பிழை செஞ்சேன்?’ அழாமல் கேட்க வேண்டும். அழாமல் கேட்கிற மாதிரி மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அலுவிகாரையில் இறங்கும்போது அது சரியாக வந்துவிட்டது.

பொழுது சாய்ந்திருந்தது. கொட்டகை திறந்தே கிடந்தது. உள்ளே, கார் நின்ற இடத்தில், எண்ணெய்க் கறை படிந்த தரைக்குப் பக்கத்தில் மாமி பழைய மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். முக்காடு ஒழுங்காக இருந்தது. அழுது முடித்திருந்தார்.

கார் போன பிறகுதான் கொட்டகை எவ்வளவு பெரியதென்று தெரிந்தது.

“குடுத்திட்டியா?” என்றார் மாமி.

“குடுத்திட்டேன்.”

“நாளைக்கு அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுற?”

“நீங்க ஒண்டும் சொல்ல வேணாம் மாமி. நாளைக்கு நான் மத்ரஸாவுக்குப் போகல்ல. நான்தான் கதவத் தொறப்பேன்.”

மாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து பெட்டியில் இடம் விட்டார். மஸூதா உட்கார்ந்தாள்.

“மகள்” என்றார் மாமி. அவர் அப்படிக் கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. “இதையும் ஒளிச்சா அல்லா என்ன மன்னிக்க மாட்டான். ரெண்டாந்தரம் வந்தப்ப அவன் தனிய வரல்ல.”

மஸூதா அவர் பக்கம் திரும்பினாள்.

“முன்னுக்குக் கடையில ஒரு பொம்புள நிண்டா. இந்தப் பக்கமே பாத்துக்கொண்டு நிண்டா. கடையில எல்லாரும் கண்டாங்க.”

எதிர்க் கடைக்காரர் இந்த மாதமெல்லாம் நூலுக்குக் காசு வாங்கும்போது ஏன் முகத்தைப் பார்க்காமலே வாங்கினார் என்று மஸூதாவுக்கு இப்போது விளங்கியது. தெருவுக்கே தெரிந்திருக்கிறது. அவள் ஒருத்தியைத் தவிர.

“அவட கையப் புடிச்சிக்கொண்டு ஒரு புள்ள.”

“கைப்புள்ளையா?”

“இல்ல” என்றார் மாமி. குரல் அடங்கிப் போயிருந்தது. “நடக்கிற புள்ள. பேசுற புள்ள. ரோட்டுக்கு அங்கால இருந்து அவன ‘வாப்பா’ண்டு கூப்பிட்டுச்சு.”

நடக்கிற பிள்ளை. பேசுகிற பிள்ளை. மஸூதா மனதுக்குள் பின்னால் எண்ணிக்கொண்டு போனாள். அவன் கடைசியாக வந்த பெருநாளில் போய் அந்தக் கணக்கு நின்றது. அன்றைக்கு அவன் கொண்டுவந்து கொடுத்த சேலையைத்தான் இப்போது உடுத்தியிருந்தாள்.

மாமியின் கை இருட்டில் தடவிக்கொண்டு வந்து அவள் முழங்கையைப் பிடித்தது. அவள் அதைத் தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

பஸ்ஸில் அவ்வளவு தூரம் சொல்லிச் சொல்லிப் பழகிய கேள்வி இனி உதவாது. விடிந்தால் வெள்ளிக்கிழமை. அவன் வருவான், ஒருவேளை மூன்று பேராக. கதவைத் திறந்ததும் முதலில் யாருடைய முகத்தைப் பார்ப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.